துரையின் ஊருக்குப் போகும் ரயில்

ஒருவருடைய ஊரைப் பற்றி அவருக்கே பாடம் நடத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு முற்பகல் அந்தத் துணிச்சல் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு, யாராவது தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் பபேடான் பக்கம் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நான் மிஷன் பள்ளியிலும் பிறகு கல்லூரியிலும் படித்து முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் தெருவில் இருக்கிற டீக்கடைகளை எல்லாம் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் நண்பர் ஊ தெயின் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளை விற்கிற கம்பெனி. எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால், பர்மியரானாலும் தமிழில் சரளமாகத் திட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே அவர் அந்தச் செய்தியைச் சொன்னார். கம்பெனி ஒரு பையனைப் பொறுக்கி எடுத்து, இங்கிலாந்தில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறதாம்.

"பார்க்கர் துரைதான் இன்டர்வியூ பண்றாரு. அவரு சொந்த ஊரும் அதே ஊருதான். ஊரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொன்னேன்னு வை, மனுசன் உருகிடுவாரு."

"எந்த ஊரு அங்கிள்?"

"ஹெஃபோ."

(பர்மியர் வாயில் இங்கிலீஷ் சொற்களின் கடைசி எழுத்துகள் கரைந்துபோகும். நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம், 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்கியவர்கள்தானே.)

எழுதித் தரச் சொல்லி வாங்கியிருக்கலாம். இங்கிலீஷில் முதல் வகுப்பு வாங்கியவன் அதை எல்லாம் கேட்பானா? மறுநாளே நூலகத்துக்குப் போய் கலைக்களஞ்சியத்தை எடுத்தேன். ஹெ என்று தொடங்கும் பக்கங்களைப் புரட்டினேன். 'ஹெரிஃபோர்ட். ஒரு மாவட்டத்தின் தலைநகர்' என்று வந்தது. ஆகா, அகப்பட்டுக்கொண்டது என்று அங்கேயே நின்றுவிட்டேன். இன்னும் சில பக்கங்கள் தள்ளியிருந்தால் 'ஹெர்ட்ஃபோர்ட்' என்று இன்னொரு தலைநகர் வந்திருக்கும். நான் தள்ளவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஹெரிஃபோர்ட் என் ரத்தத்தில் ஓடியது. வை என்ற ஆறு. ஆற்றங்கரையில் பழம்பெரும் பேராலயம். அதற்குள் திருட்டுப் போகாமல் சங்கிலியால் பிணைத்து வைத்த புத்தகங்கள். ஆப்பிளில் இருந்து வடிக்கும் மது. செம்பழுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக மாடுகள். பக்கத்திலேயே வேல்ஸ் எல்லை, அதற்காக அந்தக் காலத்தில் நடந்த சண்டைகள். லண்டனில் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக, வூஸ்டர் வழியாக... எங்கள் தெருவில் இருந்து பக்கத்துப் பேட்டையான லத்தாவுக்குக் குறுக்கு வழி கேட்டால்கூட ஒரு நிமிடம் யோசிப்பேன். இது மட்டும் தூக்கத்திலும் வரும்.

எனக்குப் பரீட்சை வைத்தவள் ரோசலின். எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவள் அப்பா முனிசிபாலிட்டியில் வேலை. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது, ஆனால் அதை இன்னும் யாரும் பேசவில்லை. மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பும்போது என் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"ரயில் எந்த ஸ்டேஷன்?"

"பேடிங்டன்."

"மாட்டுக்கு மூஞ்சி என்ன கலரு?"

"வெள்ளை."

"புத்தகத்தை எதுக்குச் சங்கிலி போட்டுக் கட்டுனாங்க?"

"யாரும் எடுத்துக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு."

"புத்தகத்தை மட்டுந்தான் கட்டுவாங்களா?" என்றாள். பதில் என் குறிப்புகளில் இல்லை. அவளும் அதற்கு மேல் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவளை இரண்டு வருடம் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் அப்பா அதற்குள் தெரு முழுக்க, "பையன் சீமைக்குப் போறான்" என்று சொல்லி முடித்திருந்தார். தைக்கக் கொடுத்த கம்பளிக் கோட்டும் வந்துவிட்டது.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன். ரங்கூனில், ஏப்ரல் மாதத்தில். படி ஏறி முடிப்பதற்குள் நானே ஒரு பம்பு மாதிரி நீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கர் துரை ஒல்லியான மனிதர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பக்கத்தில் ஊ தெயின் புதுப் பட்டு லொஞ்சிக் கைலியில் உட்கார்ந்து எனக்குக் கண்ணால் தைரியம் சொன்னார். படிப்பு, குடும்பம் எல்லாம் கேட்டுவிட்டு துரை, "எங்கள் ஊருக்கு அனுப்பினால் இரண்டு வருடம் இருப்பீர்களா? அதைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்றார்.

இதற்காகத்தானே பிறந்தேன்!

"மிகவும் அழகான பேராலயம் உள்ள ஊர், சார்."

துரையின் புருவம் ஏறியது. "பேராலயமா? எங்கள் ஊரிலா?"

"ஆமாம் சார். வை ஆற்றின் கரையில்."

"எங்கள் ஊர் ஆற்றின் பெயர் லீ."

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். புத்திசாலிப் பையனைத் தடுமாற வைத்துப் பார்க்கிறார்! பெருந்தன்மையாகச் சிரித்தேன். "இல்லை சார், வை."

ஊ தெயின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு மாடுகளுக்குப் போனேன். மாடுகளில் இருந்து மதுவுக்கு, மதுவில் இருந்து வேல்ஸ் எல்லைச் சண்டைகளுக்கு. துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"லண்டனில் இருந்து எங்கள் ஊருக்கு எப்படிப் போவீர்கள்?" என்றார் மெதுவாக.

"பேடிங்டனில் ஏறி, ஆக்ஸ்ஃபோர்ட், வூஸ்டர் வழியாக. பாதி நாள் ஆகிவிடும்."

"லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். என் அம்மா காலையில் லண்டனுக்குத் துணி வாங்கப் போய்விட்டு, மாலை டீக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்."

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. பாவம், வெயில் ஊரில் ரொம்ப வருடங்களாக இருக்கிறார்.

"நீங்கள் ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது, சார்," என்றேன் ஆறுதலாக. "மறந்திருக்கலாம்."

ஊ தெயின் கண்களை மூடிக்கொண்டார். துரை எழுந்து, சுவரில் தொங்கிய இங்கிலாந்து வரைபடத்துக்கு அருகில் என்னைக் கூப்பிட்டார். மேற்கே, ஏறக்குறைய வேல்ஸின் மடியில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டார்.

"நீங்கள் இதைப் படித்திருக்கிறீர்கள். ஹெரிஃபோர்ட். நான் போனதே இல்லை." பிறகு விரலைக் கிழக்கே நகர்த்திக்கொண்டே வந்து, லண்டனுக்குத் தலைமாட்டில் நிறுத்தினார். "நான் பிறந்தது இங்கே. ஹெர்ட்ஃபோர்ட். இடிந்துபோன பழைய கோட்டை ஒன்று உண்டு, சந்தை உண்டு, பீர் வடிப்பார்கள். இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு, இரண்டில் இருந்தும் லண்டனுக்குத்தான் போகலாம். பேராலயம் கிடையாது. மாடு... சாதாரண மாடு."

கம்பளிக் கோட்டுக்குள் நான் கரைந்து போனேன். கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"உட்காருங்கள்," என்றார் துரை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அது கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "மாவ்பிக்கு எப்படிப் போவது? அதுவாவது தெரியுமா?"

மாவ்பி! அம்மாவின் தம்பி அங்கே காய்கறி வியாபாரம் பண்ணுகிறார், ரங்கூனுக்கு வடக்கே, மாதம் ஒரு தடவையாவது நான் போகிற ஊர். எல்லாமே போய்விட்டது என்ற பிறகு பயமும் போய்விடுகிறது. பேச ஆரம்பித்தேன். புரோம் பாதையில் ரயில், இன்செய்ன் தாண்டிப் போகவேண்டும், நேரத்துக்கு வராது. பஸ்ஸில் போனால் கூரை மேல் கோழிக்கூடைகள், இறங்கும்போது தலையில் இறகு ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் எந்தப் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும், வெயில் காலத்தில் எந்தப் பக்கம் காயும், மாமாவின் பக்கத்து வயல்காரர் வாங்கிய பம்பு ஏன் மூன்றாம் மாதமே படுத்துவிட்டது...

"எங்கள் பம்பா?" என்றார் துரை.

"ஆமாம், சார்." (அன்றைக்கு நான் சொன்ன ஒரே சரியான தகவல் அவர் கம்பெனியைப் பற்றிய புகார்தான்.)

அப்போதுதான் அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஊ தெயினும் ஒரு கண்ணைத் திறந்தார்.

இங்கிலாந்துக்கு வேறு ஒரு பையன் போனான். எனக்கு மாவ்பியில் கம்பெனி கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அந்தப் படுத்துவிட்ட பம்பை எழுப்புவதுதான் முதல் வேலை. செய்தியைக் கேட்ட அப்பா, "சீமைக்குப் போறான்னு தெரு பூராவும் சொல்லிட்டேனேடா. இப்ப மாவ்பின்னு எப்பிடிடா சொல்வேன்?" என்றார்.

எனக்கோ ரங்கூன் முழுவதும் புதிதாக வெள்ளையடித்த மாதிரி இருந்தது. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்தின் மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன். ரோசலின் நடந்ததைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வருடமே கல்யாணம். பார்க்கர் துரை வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சில வருடங்களில் கம்பெனி அரசாங்கத்துடையதானது, அவர் ஊருக்குத் திரும்பினார். எங்கள் தெருவிலும் பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. நாங்கள் இருந்துவிட்டோம்.

எங்கள் மூத்த மகன் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் புறப்பட்ட காலையில்தான் அது வெளியே வந்தது. "நான் கோயிலுக்குப் போயி அவனுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்" என்று கிளம்பிய ரோசலின், வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்க இன்டர்வியூவுக்குக்கூட ஏத்துனேன்." (கல்யாணத்துக்கு முன்பு 'நீ', பின்பு பிள்ளைகள் முன்னால் மட்டும் 'நீங்க'.)

"அதான் வேலை கிடைச்சுதா?"

"இல்ல. நீங்க ஃபெயிலாகணும்னு ஏத்துனேன். தினமும், உங்களுக்குக் கேள்வி கேட்டு முடிச்சதும் நேரா அங்கதான் போவேன்."

மகன் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அம்மாவைப் போக விடாமல் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் யார் பரீட்சைக்குப் போனாலும், இன்டர்வியூவுக்குப் போனாலும், முதலில் அவளை வீட்டில் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். என் பேத்திக்குப் பர்மிய மொழிதான் வாயில் வரும், தமிழ் கேட்டால் புரியும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவள், படியில் இருந்து திரும்பி வந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னாள்:

"பாட்டி, இன்னைக்கு மட்டும் கோயில் பக்கம் போயிடாதீங்க."