சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்

சுவரைத் தட்டிப் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டுக்கும் ஒரு தடவையாவது வந்திருப்பார். நீங்கள் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று அழைக்கும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். உங்கள் தலைக்கு மேலே, கூரையும் சுவரும் கூடுகிற மூலையைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து தரையோரத்தை நோட்டம் விடுவார், நிமிர்கிற சாக்கில் கதவு நிலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார், உட்காருகிற சாக்கில் சோபாவை நகர்த்திப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார், அப்புறம் ஆள்காட்டி விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு. டொக், டொக். "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு அர்த்தம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் யாரும் அன்றைக்குத் தூங்கியதில்லை.

இந்த இனத்தில் முக்கால்வாசிப் பேர் பொழுதுபோக்குக்காகத் தட்டுகிறவர்கள். நம்முடைய ஆளுக்கோ அதுவே பிழைப்பு. வீடு வாங்கப் போகிறவர்கள் முன்பணத்தை நீட்டுவதற்கு முன் அவரை அழைத்துக்கொண்டு போவார்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, கதவில் கரையான் இருக்கிறதா, குழாய்த் தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தானா, பெயிண்டில் ஈயம் கலந்திருக்கிறதா, பூஞ்சணம் எந்த அலமாரிக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார். அறிக்கையில் மூன்றே தீர்ப்புகள்: "உடனே", "ஆறு மாதத்துக்குள்", "கவனத்தில் வைக்கவும்". தொழிலில் கெட்டிக்காரர், அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. தெருவில் எல்லாரும் அவரை டொக்டொக் மாமா என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், தையற்காரர் கத்திரிக்கோலைக் கடையில் வைத்துவிட்டு வருவார். இவரால் விரலைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. மனைவி புதுச் சேலை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "கவனத்தில் வைக்கவும்" என்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அழுதுகொண்டிருந்தவரின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லப் போன கை, தோளைத் தாண்டிப் பின்னாலிருந்த சுவரைத் தட்டிவிட்டது. "உள்ளே ஒண்ணுமே இல்லை, வெறும் கூடு" என்றார். செத்தவரைச் சொல்கிறார் என்று நினைத்து வீட்டார் மறுபடியும் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மகள் கல்யாணம் அப்படிப்பட்டதா?

தெரிந்தவர்கள் மூலமாக வந்த முதல் சம்பந்தம் ஒரு டம்ளர் தண்ணீரில் முடிந்தது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கத்தானே வேண்டும்? இவர் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து டம்ளருக்குள் முக்கினார். "இதைக் குடிச்சுமா நீங்க இத்தனை நாள் நடமாடுறீங்க?" என்று மனம் உருகிக் கேட்டார். இரண்டாவது சம்பந்தத்தில், ஜன்னல் பெயிண்டை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டு, மூளையை மந்தமாக்குகிற ஈயம்தான் என்று முடிவுகட்டி, பையனின் அப்பாவிடம், "உங்களுக்கு அடிக்கடி ஞாபகமறதி வருமே?" என்றார். ஞாபகமறதி இருந்தும் அந்த மனிதர் அந்தக் கேள்வியை மட்டும் மறக்கவில்லை.

மூன்றாவது, மகளே பார்த்துப் பேசிப் பழகிப் பிடித்துப்போன பையன். இரண்டு வீட்டாரும் சந்தித்துச் சரி என்று சொல்வதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும் முன் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பாக்கெட்டைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

தண்ணீர் மீட்டர் வந்தது. சின்னச் சுத்தியல் வந்தது. டார்ச் வந்தது. தரை மட்டமாக இருக்கிறதா என்று உருட்டிப் பார்க்கும் கோலிக்குண்டு, ஒன்றல்ல, மூன்று வந்தன.

"இந்த ஒரு வீட்டையாவது வீடா மட்டும் பாருங்க. அவ சிரிச்ச முகமா இருக்கா. உங்க விரலால அதைக் கெடுத்துடாதீங்க."

"நான் எதையாவது தட்டினா என் கையை ஒடி" என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்த மனிதரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கண்ணாடி இல்லை என்பதும், அதற்குள் ஈரம் பார்க்கும் மீட்டர் படுத்திருந்தது என்பதும் மனைவிக்குத் தெரியாது. மகள் கார் சாவியைச் சுழற்றியபடி இந்தச் சோதனையை வேடிக்கை பார்த்தாள்.

பையன் வீட்டில் தடபுடலான வரவேற்பு. பையன் முன்னால் வந்து, "வணக்கம் மாமா" என்று கும்பிட்டான். நம்மவரும் கும்பிட்டார், அவனுக்குப் பின்னால் இருந்த மின்சாரப் பெட்டியை. வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை.

"புதுசா அடிச்சிருக்கீங்க போல?"

"ஆமாங்க, நீங்க வர்றீங்கன்னுதான்" என்றார் பையனின் அப்பா பூரிப்பாக.

மரியாதைக்காக அடித்த பெயிண்ட் என்று நீங்களும் நானும் நினைப்போம். இந்த இனம் அப்படி நினைக்காது. எதை மறைக்க அடித்தீர்கள் என்ற கேள்வி அவர் தொண்டை வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். கை அடங்கியது, மனசு அடங்கவில்லை. தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை எடுத்தவர், கை தவறியது போல அதைத் தரையில் விட்டார். பையன் காது கேட்காத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான், பொறுமைசாலி என்று அவனுடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது மாத்திரை உருண்டது, மேஜைக்கு அடியில் புகுந்தது, மறுபக்கம் வெளிவந்தது, எங்கும் நிற்காமல் தெற்குச் சுவர் வரை போய் முட்டிக்கொண்டு நின்றது. தரை சாய்வு! அவர் கண்கள் மாத்திரையைத் தொடர்ந்து சுவருக்குப் போயின, சுவரில் மேலேறின, ஒரு போட்டோவில் நிலைகுத்தின.

பெரிய குடும்பப் போட்டோ. ஆனால் இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தது.

"இவ்வளவு கீழே மாட்டியிருக்கீங்களே?"

"குழந்தைங்க பார்க்கட்டும்னு" என்றார் பையனின் அப்பா.

"வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"இனிமே வருவாங்கல்ல?" என்று அவர் சாமர்த்தியமாகச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் வெட்கப்பட்டுக்கூடப் பார்த்தாள். அந்த இடத்தில் சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். நம்மவர் எழுந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பித்தான் அவள் கையோடு வந்தது, அவர் வரவில்லை. போட்டோவைக் கழற்றித் தரையில் சாய்த்தார். பின்னால் சுவர் கறுத்து உப்பிப்போய், உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கூடு திறந்தது. மீட்டரின் முள் சுவருக்குள் இறங்கியது.

"இருபத்தெட்டு!" என்று கூவினார், சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி. "இருபத்தெட்டு விழுக்காடு ஈரம்!"

அப்புறம் யாராலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இவ்வளவு ஈரம் என்றால் மேலிருந்துதான் வரவேண்டும், மேலே என்றால் பரண், பரண் என்றால் ஸ்டூல். ஸ்டூல் வந்தது. அதன் ஒரு கால் குட்டை. யாரோ ஒரு கையால் ஸ்டூலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போன் வெளிச்சத்தை உயர்த்திக் காட்டினார்கள். இடுப்புவரை பரணுக்குள் போய்விட்ட நம்மவர் அங்கிருந்தே உத்தரவு போட்டார்: "தம்பி, லைட்டை இன்னும் மேல… இடது பக்கம்… உன் இடது இல்லைப்பா, என் இடது." முப்பத்தைந்து நிமிஷம். பிடித்தவன் யாரென்று உங்களுக்குத் தெரிகிறது. அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரைத் தவிர.

பையனின் அப்பா முகம் சிவந்து எழுந்தார். "நீங்க பையனைப் பார்க்க வந்தீங்களா, வீட்டைப் பார்க்க வந்தீங்களா?"

"வீட்டைப் பார்த்தா பையனைப் பார்த்த மாதிரிதான்!" என்று பரண் பதில் சொன்னது.

"ரெண்டு வருஷமா ஈரம் ஈரம்னு நான் கத்துறேன்" என்று பையனின் அம்மா எழுந்தாள், கணவரைப் பார்த்து. "வெளிச்சத்துல அப்படித் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போட்டோவைக் கொண்டுவந்து மாட்டினீங்க. இப்ப என்ன சொல்றீங்க?" அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, கீழே உரசியது. நம்மவர் அதையும் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மகள் கார் ஓட்டினாள். மனைவி பித்தானைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். முதல் இரண்டும் போனபோது அவள் அழவில்லை, திட்டினாள். அழுகை நம்மவரைக் கலக்கியது.

"வேண்டாம்மா" என்றார் மகளிடம், மெதுவாக. "அந்த வீட்ல நீ மூச்சு விடணும்மா. ராத்திரி பகல் அந்தப் பூஞ்சணக் காத்தை. என்னால அதை எப்படிச் சரின்னு சொல்ல முடியும்? நான் யார் யார் வீட்டையோ பார்த்துச் சொல்றேன். உனக்குச் சொல்லாம இருப்பேனா?" பிறகு இன்னொரு குறையையும் சேர்த்துக்கொண்டார். "அதைவிடு, பையன் ஒரு தடவையாவது வெளிய வந்து முகத்தைக் காட்டினானா? அதுவே எனக்குப் பிடிக்கலை."

மனைவி அழுகையை நிறுத்தித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருப்பா?" என்றாள் மகள்.

"யாரோ பிளம்பர் பையன். நல்ல பையன். கை ஆடவே இல்லை."

மகள் கியர் மாற்றினாள். அவருக்குப் புரிந்தபோது காது மடல் வரை வியர்த்தது.

"நீங்க வந்தா என்ன ஆகும்னு அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலை" என்றாள் மகள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களை அப்படியே கொண்டுபோய் விட்டேன். சுவரைத் தட்டிப் பார்க்க உங்களுக்கு விரல் இருக்கு. ஆளைத் தட்டிப் பார்க்க எனக்கு நீங்கதானேப்பா இருக்கீங்க."

மனைவியின் மடியிலிருந்த மகளின் போன் மினுங்கியது. மனைவி எடுத்துச் சத்தமாகப் படித்தாள்: "அப்பா இன்னும் கோபமா இருக்கார், சரியாயிடும். அம்மா அடுத்த ஞாயிறு மாமாவைக் கண்டிப்பா வரச் சொல்றாங்க, தண்ணித் தொட்டியையும் பார்க்கணுமாம். ஸ்டூலை நானே பிடிச்சுக்கிறேன்."

நம்மவரின் விரல் அவரையறியாமல் கார்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கூச்சத்தோடு கேட்டார். "ஏம்மா… பையன் பார்க்க எப்படி இருப்பான்?"

"அடுத்த வாரம் ஸ்டூல்ல ஏறினதும் கொஞ்சம் கீழே பாருங்கப்பா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படியும் ஒரு மனிதனா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் செய்வீர்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. போட்டோவுக்குப் பின்னால் எத்தனை விழுக்காடு ஈரம்? பார்த்தீர்களா, டக்கென்று வருகிறது. சரி, அந்தப் பையன் என்ன வேலை பார்க்கிறான்?

மேலே போய்த் தேடாதீர்கள். சொல்லியிருக்கிறேன். அவன் அப்பா சொன்னபோது நீங்கள் மாத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.