பின்னல் போட்ட நிழல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரையே ஒருவருக்குச் சுற்றிக்காட்டப் போவதாக என் கணவர் சபதம் எடுத்தார். சபதத்தில் ஒரே ஒரு சிக்கல். ஊர் அவருக்குத் தெரியாது.

ஆபீஸ் தெரியும். வீடு தெரியும். வீட்டில் ஒரு நாற்காலி தெரியும். அதில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பறவை பார்ப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்து, ஆற்றங்கரையைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். படங்கள் நான் எடுத்தவை. பிள்ளையைச் சுமந்தபோது தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடந்தேன், கண்ணில் பட்டதைப் படம் எடுத்தேன். "நம்ம படம்தானே" என்று எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிறு என்னுடையது, படம் நம்முடையது.

மகள் பிறந்த பிறகு நான் வாசலைத் தாண்டவில்லை. காற்று பயம், தூசி பயம், தெருநாய் பயம். அவள் தூங்கினால் அதுவும் பயம். மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், அடுத்தது வருமா என்று உட்கார்ந்திருப்பேன். இவரிடம் கொடுக்கலாமென்றால், கழுத்து நிற்கட்டும், தூக்குகிறேன் என்றார். நின்றது. முதுகு நிற்கட்டும் என்றார். அதுவும் நின்றது. இவர்தான் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

வருகிறவர் கடல் கடந்த நாட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள். அங்கேயே பிறந்தவர், ஆனாலும் வீட்டில் பேசி வளர்ந்த தமிழ். குழுவில் எல்லாருக்கும் டிரைவரக்கா. முந்தின நாள் முழுக்க இவர் என்னிடம் வழி கேட்டு உருப்போட்டார். தண்ணீர்த் தொட்டி, வலது. மரக்கடை, இடது. பல் தேய்க்கும்போதும் ஒப்பித்தார்.

டிரைவரக்கா வந்தார். சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டே, மீன்கொத்தி உட்காரும் அந்த உடைந்த விளக்குக் கம்பம் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டார்.

பாடத்தில் இல்லாத கேள்வி. "நடுவுலக்கா" என்றார் இவர்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். யார் பொய் சொன்னாலும் என் காதுதான் சிவக்கும். டிரைவரக்கா என் காதைப் பார்த்தார்.

"தம்பி, காலமெல்லாம் பஸ் ஓட்டினவ நான். வழி தெரியாத மூஞ்சி எனக்கு நல்லாவே தெரியும். அதோட, உங்க படத்துல எல்லாம் எடுக்குறவங்க நிழல் விழுந்திருக்கும். அந்த நிழலுக்குப் பின்னல் இருந்துச்சு. மாசாமாசம் வயிறும் பெருசாச்சு."

இவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலி.

"நீ கிளம்பும்மா, போயிட்டு வருவோம்" என்றார் டிரைவரக்கா என்னிடம்.

குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவாள் பாவம் என்று இவர் முந்திக்கொண்டார். என் பயத்தின்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன்? குழந்த முழு நேரமும் உங்க கையிலதான்னு எழுதியிருந்தீங்களே. அதனாலதான் இப்பல்லாம் படம் வர்றதில்லன்னு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். மகளை மடியில் வைத்ததும் இரண்டு கையாலும், நிரம்பிய குடத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் கால் நடுங்கியது. தண்ணீர்த் தொட்டி வருவதற்குள் போனைப் பலமுறை பார்த்துவிட்டேன். டிரைவரக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. வண்டி எடுத்த முதல் நாள் பின்னால் இருந்த ஜனங்களை நினைத்துத் தனக்கும் இப்படித்தான் கால் உதறியது என்றார். பயம் எப்போது போனது என்று கேட்டேன்.

"எங்க போச்சு? கூடவே ஏறிக்கும். ஸ்டியரிங்க மட்டும் அதுகிட்ட குடுக்கல."

பாலத்தின் அந்தப் பக்கத்தில் கம்பம் அப்படியே இருந்தது. மீன்கொத்தியும் வந்தது, நான் இவ்வளவு நாள் வராததைக் கேட்காமல். படம் எடுத்தேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் சத்தமே இல்லை. செருப்போடு உள்ளே ஓடினேன்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் விரல் அவள் மூக்கடியில் இருந்தது.

"எப்பவுமே இப்படித்தான் பயமா இருக்குமா உனக்கு?" என்றார், உதடு மட்டும் அசைய.

"ஆமாங்க."

மறு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் டிரைவரக்கா நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பழைய மனிதர் திரும்பிவிட்டார். மீன்கொத்தி கிடைத்ததா, அந்தப் படத்தை அனுப்பு, குழுவில் போடவேண்டும் என்றார்.

"போட்டாச்சுங்க."

"யாரு போட்டது?"

"நிழலோட சொந்தக்காரி."