மாப்பிள்ளை காட்டிய கல்

எப்பேர்ப்பட்ட மடையனையும் ஒரு வருஷத்துக்கு அறிவாளி என்று ஒப்புக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அது மாமனார் வீடு. கல்யாணமான முதல் வருஷம் அங்கே நீங்கள் சொல்வதெல்லாம் சரி. குழம்பில் உப்பு அதிகம் என்றால் அதிகம்தான்; உப்பே போடாத குழம்பாக இருந்தாலும் அதிகம்தான். எனக்கு அந்த வருஷம் பதினாலு மாதம் ஓடியது. கடைசியில் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் ஒரு மத்தியானம் முடிந்துபோனது. முடித்துவைத்த புண்ணியவான் நானேதான்.

எனக்கு அருப்புக்கோட்டை. ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் வாத்தியார். மாமனாருக்குப் பரளச்சிப் பக்கம் மானாவாரி நிலம். அங்கே எனக்கு ‘டவுனு மாப்பிள்ளை’ என்று பெயர். (அருப்புக்கோட்டையை டவுன் என்று நம்புகிற ஜனங்கள் இருக்கும்வரை எனக்கென்ன குறைச்சல்?) மாமா என்னைக் கண்டால் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொள்வார். அத்தை ஒரு படி மேலே. என்னிடம் நேருக்கு நேர் பேசவே மாட்டார். நான் இரண்டடி தூரத்தில் நின்றாலும் மகளைப் பார்த்துத்தான் பேச்சு.

“ஈஸ்வரி, அவுக சாப்பிட்டாகளான்னு கேளு.”

“சாப்பிட்டீகளான்னு அம்மா கேக்குது.”

“ஆச்சுன்னு சொல்லு.”

“ஆச்சாம்மா.”

பதினாலு மாதமும் இப்படியே நடந்தது. மாமியார் மாப்பிள்ளையிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். நானோ அதை என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில் என் மச்சினன் தவசிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. இரண்டு தடவை வருவதாகச் சொல்லி வராமல் போன விசா, மூன்றாவது தடவை வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அதுவும் செல்லாது. தொடர்ந்து மழை பொய்த்திருந்த வீடு அது. தவசி விமானம் ஏறுவதைத் தவிர அவர்களுக்கு வேறு நம்பிக்கை இல்லை. ஏஜென்ட் கொச்சியிலிருந்து ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் ஒருத்தர் விமானம் ஏறினால் பதிமூன்று பேர் வழியனுப்பப் போவது வழக்கம். வேன் பிடித்தார்கள். காலையிலேயே கொச்சி போய்விடலாம், சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

“நான் ஃபோர்ட் கொச்சியச் சுத்திக் காட்டுறேன்” என்றேன்.

அதுவரை நான் கொச்சியை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். நாலு நாள் செல்போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். அதில் தாடி வைத்த ஒருத்தன், சுற்றுலாப் பயணி வேறு, உண்மையான பயணி வேறு என்று சொல்லியிருந்தான். சுற்றுலாப் பயணி கும்பலோடு போய்ப் படம் எடுப்பானாம். உண்மையான பயணி அந்த ஊராகவே மாறிவிடுவானாம். அந்த உளறலை அப்படியே நம்பி ஒரு தொப்பி, ஒரு கூலிங் கிளாஸ், முழங்காலுக்குக் கீழே வந்ததும் நின்றுபோகிற ஒரு முக்கால் பேண்ட் எல்லாம் வாங்கினேன். வேன் கிளம்பும்போது அத்தை என் காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஈஸ்வரி, அவுக மிச்சப் பேண்ட வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாகளான்னு கேளு.”

ஈஸ்வரி கேட்கவில்லை. நல்ல மனைவி.

காலை பத்து மணிக்கு ஃபோர்ட் கொச்சியில் இறங்கினோம். பெரிய பெரிய மரங்கள், அடியில் நல்ல நிழல், உட்காரத் தோதான மேடைகள். எல்லாரும் கட்டுச்சோற்றோடு அங்கே உட்காரப் போனார்கள். நான் விடவில்லை.

“மரத்தடி அருப்புக்கோட்டையில இல்லையா? கடலுக்குப் பக்கத்துல உட்காந்து சாப்பிடணும், அதுதான் அனுபவம்” என்று சொல்லி, நடைபாதைக்குக் கீழே மணலில் இறக்கிவிட்டேன். பதிமூன்று பேரும் கொளுத்துகிற வெயிலில் மணல் கலந்த புளியோதரையை அனுபவித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மாப்பிள்ளை அல்லவா.

சாப்பிட்டதும் ஊர் சுற்றக் கிளம்பினோம். அத்தைக்கு முழங்கால் வலி, வரமுடியாது. சாமான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று முடிவானது. பெரிய பெட்டி வேனில் பத்திரமாக இருந்தது. கையில் இருந்தவை இரண்டே இரண்டு மஞ்சள் பைகள். இரண்டும் எங்கள் கல்யாணத் தாம்பூலப் பைகள். என் பெயரும் ஈஸ்வரி பெயரும் அச்சடித்தவை. மீந்துபோனதை எல்லாம் அந்த வீட்டில் இன்னும் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் தவசி கொண்டுபோகக் காராச்சேவு பாக்கெட்டுகள். இன்னொன்றில் பிளாஸ்டிக் ஃபைலுக்குள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம். இரண்டாவது பையை அத்தை பரளச்சியிலிருந்து மடியை விட்டு இறக்கவே இல்லை.

தண்ணீர் ஓரத்தில் தட்டையான ஒரு கருங்கல் கிடந்தது. “பைகளை இதுல வச்சிட்டு, பக்கத்துல நிம்மதியா உட்காரச் சொல்லு” என்று ஈஸ்வரியிடம் சொல்லி, இரண்டு பைகளையும் நானே வாங்கிக் கல்மேல் வைத்தேன்.

மாமா குனிந்து கல்லைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, பாசி புடிச்சிருக்கே. நம்ம கண்மாய் மடையில தண்ணி நிக்கிற மட்டம் வரைக்கும்தான் இப்படிப் புடிக்கும்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

“மாமா, கண்மாய் வேற, கடல் வேற. கடல் எப்பவும் ஒரே மட்டம். இது காத்துல தெறிக்கிற தண்ணி.”

“மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று மாமா நிமிர்ந்துவிட்டார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த மாதத் தேர்வில்தான் ஏழாம் வகுப்புக்கு ‘உயர் ஓதம், தாழ் ஓதம் ஆகியவற்றைப் படத்துடன் விளக்குக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தேன். கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும், நிலா இழுக்கிறது என்று மூன்று வருஷமாகக் கரும்பலகையில் வரைந்தவன் நான். நிலாவை இடம் மாற்றி வரைந்த பிள்ளைக்கு ஒரு மார்க் குறைத்தவனும் நான்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குத் தெரிந்தது ஒரே வழி, கீழே போவது. தை மாதம் கண்மாயில் கிடப்பது பங்குனிக்குள் வற்றிவிடும். ஒரு சொட்டு மழை இல்லாமல் மத்தியானத்துக்குள் தண்ணீர் ஏறும் என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதலாம், மனசு நம்பாது. மாமா படிக்காதவர், அவர் கல்லைப் பார்த்தார். நான் படித்தவன், கல்லைப் பார்க்கவே இல்லை.

ஊர் சுற்றல் ஆரம்பித்தது. பழைய வீடு கண்ணில் பட்டால் “டச்சுக்காரன் கட்டினது” என்றேன். கொஞ்சம் உயரமாக இருந்தால் “போர்ச்சுகீசியன்” என்றேன். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஓட்டுக்கூரையும் மஞ்சள் சுவருமாக ஒரு கட்டடம் வந்தது. அதன்முன் நின்று, மிளகு ஏற்றிப்போன கப்பல்களைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். தவசி பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டு வந்தான்.

“மச்சான், இது தண்ணி ஏத்துற மோட்டார் ரூமாம்.”

மாமாவின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. கதவிடுக்கில் காதை வைத்து, “எத்தன குதிரச் சக்தி இருக்கும்?” என்று கேட்டார். அவருக்கு ஃபோர்ட் கொச்சியில் பிடித்த ஒரே புராதனச் சின்னம் அதுதான். சீன வலைகளைக் காட்டினேன். இத்தனை பேர் கயிறு இழுத்து நாலு மீனா என்று கேட்டார். பழைய சர்ச் ஒன்றைக் காட்டினேன். ஓடு மாற்றினால் தேவலை என்றார். எல்லாரும் டச்சுக்காரர்களை வெறுக்க ஆரம்பித்தபோது மணி மூன்றாகிவிட்டது. ஐஸ் வண்டியைக் கண்டதும் அத்தனை பேரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். (உண்மையான பயணி ஐஸ் தின்னமாட்டானாம்.) நான் மட்டும் முன்னால் நடந்து கடற்கரைக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் மணலைக் காணோம்.

நாங்கள் சோறு தின்ற இடத்தில் கடல் இருந்தது. தண்ணீர் நடைபாதைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. கல் இருந்த இடமே தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டடிக்கு அப்பால், ஆகாயத்தாமரைக் கொத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள் பை மிதந்தது. அதில் என் பெயர் நன்றாகத் தெரிந்தது. கீழே பட்டம் வேறு, எம்.ஏ., பி.எட்.

பாஸ்போர்ட் போச்சு, விசா போச்சு, தவசியின் வேலை போச்சு. அத்தை என்ன ஆனார் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தொப்பியோடு, கூலிங் கிளாஸோடு தண்ணீரில் குதித்தேன்.

அத்தை அதே நடைபாதையில் இருபதடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் காலை நனைத்ததாம். ஃபைல் இருந்த பையை முதலில் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். மற்ற பைக்காக முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது அது மிதக்க ஆரம்பித்திருந்தது. போனால் போகட்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் அவர் மடியில், முந்தானைக்கு அடியில், ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தன.

நான் குதித்ததை அவர் பார்த்தார். சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சொல்ல ஈஸ்வரி இல்லை. ஈஸ்வரி ஐஸ் வண்டியில் நின்றாள். அத்தை எழுந்து இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் ஆள் ஒருத்தர்கூட இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்றிருந்தார். அத்தை அவரிடம் போனார்.

“அவுகட்டச் சொல்லுங்க தாயி. பாசுப்போட்டு எங்கிட்டத்தான் இருக்கு.”

அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டிவிட்டு என்னைப் படம் எடுத்தார்.

நான் அதற்குள் மார்பளவு தண்ணீரில் இருந்தேன். எனக்கு நீச்சல் அரைகுறை. ஆகாயத்தாமரை காலைச் சுற்றியது, தொப்பி தனியாகப் பயணம் போனது. நான் ஒரு எட்டு வைத்தால் பை இரண்டு எட்டு தள்ளிப் போனது. அலை ஒன்று வாய்க்குள் வந்தது. நடைபாதையில் கூட்டம் கூடிவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து, நான் அதுவரை நேராகக் கேட்டறியாத ஒரு குரல் வந்தது.

“மாப்பிள்ளை. அது காராச்சேவு. பாசுப்போட்டு இந்தா இருக்கு. கரைக்கு வாங்க.”

என் அத்தை என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். திரும்பிப் பார்த்தேன். ஃபைலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வந்து சுவரைப் பிடித்தேன். சுவரைத் தாண்டி ஏறுவதற்குள் அடுத்த வாக்கியமும் வந்தது.

“பாசி இருக்குன்னு அப்பவே அவுக சொன்னாகள்ல? கேட்டீகளா?”

அதோடு நிற்கவில்லை. மடை திறந்துவிட்டது. மரத்தடியை விட்டு வெயிலில் உட்காரவைத்தது, ஆடி விருந்தில் ரசத்தைக் குறை சொன்னது, தலைத் தீபாவளிக்கு எடுத்த வேட்டியின் கரை சரியில்லை என்றது, முக்கால் பேண்ட் எல்லாம் வரிசையாக வந்தன. மற்றவர்கள் ஐஸோடு வந்து சேர்ந்தபோது நான் சொட்டச் சொட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னிடம் நேரில் பேசுவதைப் பார்த்த ஈஸ்வரி, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தாளாம்.

மாமா மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு, “காத்து கொஞ்சம் சாஸ்திதான் மாப்பிள்ளை” என்றார். அத்தை கொட்டியதை எல்லாம் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

தவசி அன்று ராத்திரி நல்லபடியாக விமானம் ஏறினான், பெட்டியில் ஒரு புதுக் கைலி குறைவாக. அதை நான் கட்டியிருந்தேன். விமான நிலைய வாசலில் எடுத்த குடும்பப் படம் பரளச்சி வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதில் பளபளவென்று புதுக் கைலியோடு நிற்பவனைப் பார்த்து, “இவுகதான் வெளிநாடு போனவுகளா?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உடனே அந்தக் கதை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அத்தை பையைக் கீழே வைக்குமுன் என்னைப் பார்த்து, “மாப்பிள்ளை, இங்கன வைக்கலாமா, தண்ணி வருமா?” என்று கேட்பார். பரிமாற நானே அத்தையைக் கூப்பிடும் அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது. ஈஸ்வரிக்கு இடையில் வேலையே இல்லை.

போன தீபாவளிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. “நான் குதிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அத்த?” என்று கேட்டுவிட்டேன்.

“எப்படிச் சொல்ல? அப்ப உங்கள வெவரமான ஆளுன்னு நெனச்சிருந்தோம், மாப்பிள்ளை.”

சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“காராச்சேவு எடுத்துக்கங்க. நனையாததுதான்.”