பெட்டி மாஸ்டரின் மூன்று கேள்விகள்

யுத்த காலத்தில் கண்டியிலேயே அதிகம் கேள்வி கேட்டவர் யார் என்றால் பொலிஸ்காரர் என்பீர்கள். இல்லை, எங்கள் பெட்டி மாஸ்டர்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஹாஜியாரின் கம்ப்யூட்டர் வகுப்பில் யாழ்ப்பாணத்து மனிதரான அவரும், ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்த நானும் படிப்பித்தோம். வெப் பக்கம் செய்யச் சொன்னால் முதல் வேலையாக ஸ்கிரிப்ட் எழுதி, திரையில் ஒரு கேள்விப் பெட்டியைக் குதிக்க வைப்பார். பக்கத்தைத் திறந்தால் பெட்டி. படத்தில் மௌஸ் பட்டால் பெட்டி. மூடப்போனால் "ஏன் போறியள்?" என்று இன்னொரு பெட்டி, அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். கிறிஸ்மஸுக்கு அவர் செய்த நத்தார் வாழ்த்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மாணவி, கடைசியில் ப்ளக்கைப் பிடுங்கித்தான் தப்பினாள்.

"ஏன் மாஸ்டர் இப்புடிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, பாலத்தடியில பொலிஸ்காரர் நாளாந்தம் என்னை மறிச்சு, பேரென்ன, எங்கயிருந்து வாறாய், எங்க போறாய் எண்டு கேக்கினம். நான் ஆரைக் கேக்கிறது? கம்ப்யூட்டரில எண்டாலும் கேப்பம்!"

வந்தது வினை. ஹாஜியாரின் ஏலக்காய், கராம்புக் கடைக்குச் செய்த பக்கத்தின் வாசலிலும் அதே மூன்று கேள்விகள்.

"யாவாரத்துக்கு வாற ஆள மறிச்சு விசாரிக்கிறதா? நாளைக்கு இந்தப் பெட்டி இருந்தா நீங்க இல்ல மாஸ்டர்!" என்று ஹாஜியார் குதித்தார்.

அந்த நாளில் யாழ்ப்பாணத்தார் பொலிஸில் பதியாமல் கண்டியில் தங்க முடியாது. ஹாஜியாரின் வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் மாஸ்டர் பொலிஸில் பதிந்து அறை எடுத்திருந்தார். வேலை போனால் அறையும் போகும், கண்டியும் போகும்.

"எடுத்துடுங்க மாஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"ஹாஜியார் ஒருக்கா உள்ள போய்ப் பாக்கட்டும்." மனிதர் அசையவில்லை.

மறுநாள் ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேர் கேட்ட பெட்டிக்கு "உன்ட முதலாளி" என்று அடித்தார். எங்கிருந்து? "இந்தக் கதிரையிலருந்து." எங்கே போறியள்? "நரகத்துக்கு!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லது, சந்தோசமாப் போயிட்டு வாங்கோ" என்றது பெட்டி. ஏலக்காய்ப் படத்தோடு பக்கம் திறந்தது. ஹாஜியார் மறுபடி போய் வேறு பதில்களைக் கண்டபடி அடித்தார். அதற்கும் அதே வழியனுப்பு. அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது.

"பெட்டி இரிக்கட்டும். நீங்களும் இரிங்க மாஸ்டர்!"

பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். பதில் சரியென்றால் ஒரு பக்கம், பிழையென்றால் ஒரு பக்கம் என்று முறையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் இரண்டு இடத்திலும் கொடுத்திருந்தது ஒரே பக்கம்.

"இதுல பிழை விட்டிருக்கீங்களே மாஸ்டர்?"

"பிழையில்லை, தங்கச்சி. கேட்டுப்போட்டு ஒருத்தரைத் திருப்பி அனுப்ப மனம் வரேல்லை."

இன்று எந்தப் பக்கத்தில் பெட்டி குதித்தாலும் என் பிள்ளைகள் எரிச்சலோடு மூடுகிறார்கள். நான் மட்டும், சந்தோசமாகப் போய்வரச் சொல்லுமா என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.