ஒரு தலைக்கு இரண்டு நேர்த்தி

கல்யாணமான நாள் முதல் மனைவியிடம் தோற்றே பழகிய ஸ்ரீதரன், இந்த ஒரு விஷயத்திலாவது ஜெயித்தே தீருவது என்று சபதம் எடுத்தார். எடுத்த இடம், கண்டி டவுனில் அவர் வேலை பார்க்கும் ஃபோன் கடை. விஷயம், மகன் ரூபனின் தலைமுடி.

ஸ்ரீதரன் மடுல்கெல்லத் தோட்டத்துச் சைவக்காரர். மனைவி ஜெஸ்மின் ஹந்தானைப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பெண், பள்ளிக்கூட டீச்சர். காதலித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துச் சனமும் கொஞ்ச காலம் முறைத்துப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு ஆட்டுக்கறி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு கேக் என்று வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பார், வீடு இரண்டுபடும் என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள். ஸ்ரீதரன் ரூபன் என்றார். முருகனின் ரூபமாம். ஜெஸ்மின் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அவர் ஊரெல்லாம் சொல்லி, மார்தட்டி முடிந்த பிறகு, வேதாகமத்தைத் திறந்து யாக்கோபின் மூத்த பிள்ளை பெயரைக் காட்டினாள். ரூபன். அன்றைக்குத் தொங்கிய முகம் நிமிர இரண்டு நாள் எடுத்தது.

பெயர் இரண்டு பக்கமும் செல்லும். முடி செல்லுமா?

ரூபன் மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஸ்ரீதரன், பிள்ளையைக் காப்பாற்று தாயே, முதல் முடி உனக்குத்தான் என்று மாத்தளை முத்துமாரிக்கு நேர்ந்தார். பக்கத்தில் ஜெஸ்மின் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலவில தேவாலயத்துப் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்தாள். யார் என்ன நேர்ந்தார் என்று ஒருவரையொருவர் கேட்கிற நிலையில் அன்றைக்கு அவர்கள் இல்லை. அவ்வளவு பயந்திருந்தார்கள்.

பிள்ளை பிழைத்தான், தடித்தான், தவழ்ந்தான், ஓடினான். முடி தோளில் புரண்டது. பஸ்ஸில் கண்டக்டர் அவனைச் சிங்களத்தில் "துவ" என்று மகளாக்கி, சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்த அன்று ஸ்ரீதரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாத்தளைக்குப் போவோம், மொட்டை போடுவோம் என்றார்.

"நானும் தலவிலயில ஒரு மொட்டை நேர்ந்திருக்கேங்க" என்றாள் ஜெஸ்மின்.

பிறகு அந்த வீட்டில் பல நாள் வழக்கு நடந்தது. முதல் முடி ஒன்றுதானே, அதை எப்படிப் பங்கு போடுவது என்று அவர் கேட்டார். தலவில ஆகஸ்ட் திருவிழா வரட்டும், பார்ப்போம் என்றாள் அவள். அவள் "பார்ப்போம்" என்றால் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். அதனால்தான் ஃபோன் கடையில் அந்தச் சபதம்.

நல்ல காலம், ஜூலையில் அவளுக்குக் கொழும்பில் டிரெயினிங் வந்தது. தங்கச்சி வீட்டில் தங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் பஸ் கிளம்பிய புகை அடங்குவதற்குள் ஸ்ரீதரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கோயிலடியில் ரூபன் வைத்த கூச்சலுக்கு அம்மனே எழும்பி வந்திருக்க வேண்டும். மொட்டை முடிந்ததும் நாவிதர், அப்பாவுக்கும் போட்டுவிடலாமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஸ்ரீதரன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். காரணம் இருக்கிறது. அவருடைய அண்ணன்மார் அத்தனை பேருக்கும் வழுக்கை. அந்தக் குடும்பத்தில் தப்பிப் பிழைத்த ஒரே தலை அவருடையது. காலையில் சீப்பை எடுத்தாரென்றால், வைப்பதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும்.

திரும்பி வந்த ஜெஸ்மினிடம் சொல்ல, பேன், பொடுகு, கரப்பான் என்று மூன்று பொய் தயாராக வைத்திருந்தார். அவள் பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்தாள். சந்தனம்.

"மாத்தளையா?"

பொய் மூன்றும் பறந்துவிட்டன. ஆமாம் என்றார். இடி விழும் என்று குனிந்தால், விழவில்லை. நேர்த்தியை நிறைவேற்றியது நல்லதுதான் என்றபடி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஜெயித்த மனுஷனுக்கு அந்தத் தேத்தண்ணி தலைக்கேறிவிட்டது. பிரசங்கம் தொடங்கினார்.

"சாமி முடியையா பாக்குது, ஜெஸ்மின்? மனசைத்தான் பாக்கும். உன் நேர்த்தியும் குறையக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ, நான் செய்யிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்று பிள்ளையின் மொட்டைத் தலையிலேயே அடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்டில் வேன் பிடித்துத் தலவிலக்குப் போனார்கள். கடற்கரையெல்லாம் கூடாரம், காற்றெல்லாம் மெழுகுவாசம். வென்றவருக்கே உரிய பெருந்தன்மையோடு ஸ்ரீதரன் மெழுகுதிரி கொளுத்தினார், முழங்காலிட்டார், மச்சான் அன்ட்ரூவின் குடும்பத்துக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தார். ஜெஸ்மின் அவரைக் கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க."

"யாரு, நானா?"

"ரூபனுக்கு இப்பதானே முள்ளு முள்ளா வருது. சாமி மனசைத்தான் பாக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? புள்ளை தலையில அடிச்சுச் சத்தியமும் பண்ணியிருக்கீங்க."

ஸ்ரீதரன் சுற்றிலும் பார்த்தார். அன்ட்ரூ சர்பத்தை உறிஞ்சியபடி ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக நின்றான். பிள்ளை மேல் போட்ட சத்தியத்தை எந்தத் தகப்பன் மீறுவான்? உட்கார்ந்தார். தலவில என்றால் தலைக்கு விலை என்று, குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழுந்தபோதுதான் அவருக்கு விளங்கியது.

திரும்பும் வழியில், குருநாகல் தாண்டும்வரை மொட்டையைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு மெல்ல ஆறுதல் தேடினார். என்ன இருந்தாலும் பிள்ளையின் முதல் முடி முத்துமாரிக்குத்தான் போனது, அதில் தான் ஜெயித்தது ஜெயித்ததுதானே என்றார்.

"அதுல போட்டியே இல்லைங்க" என்றாள் ஜெஸ்மின், மடியில் தூங்கும் ரூபனைத் தட்டிக்கொண்டு. "நான் புள்ளை முடியை நேரவே இல்ல. அன்னிக்கே உங்க முடியைத்தான் நேர்ந்தேன்."

ஸ்ரீதரனுக்கு வேன் ஒரு சுற்றுச் சுற்றியது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொன்னா குடுத்திருப்பீங்களா? நீங்களா வந்து மாட்டணும்னுதான், இல்லாத டிரெயினிங்குக்குப் போய்த் தங்கச்சி வீட்டுல படுத்துக் கிடந்தேன்."

"அது சரி, நேரும்போது உலகத்துல வேற ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு? என் முடிதானா?"

"புள்ளை உசிரைக் கேக்குறப்ப பதிலுக்கு ஒரு உசிரைக் குடுக்கணுமேங்க. உங்க உசிரு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"