பெயர்ப்பலகை இல்லாத கடை

மச்சான் அத்தாஉல்லாவின் சோற்றில் இனிக் கை வைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்து நான்கு வருடம். சின்னச் சபதம் என்று நினைக்காதீர்கள். அந்த நான்கு வருடத்தில் அவர் ஏழு தடவை ஊரைக் கூட்டிச் சோறு போட்டார். ஏழு தடவையும் நான் வீட்டில் தனியே இருந்து பேக்கரிப் பாண் தின்றேன்.

காரணம் இருந்தது. ஒரு விருந்தில், அத்தனை பேர் முன்னாலும், "எங்கட தங்கச்சிட மாப்பிள்ள ஒரு ஆந்தை" என்று சொல்லிவிட்டார். நான் உப்பளத்தில் இரவுக் காவல்காரன். யாரும் உப்பை அள்ளிக்கொண்டு ஓடாமல் பார்ப்பது வேலை. இருபது வருடத்தில் ஒருவனும் ஓடவில்லை. ஓடியிருந்தாலாவது வாழ்க்கையில் ஏதோ நடந்தது என்று இருந்திருக்கும்.

இப்போது அவருடைய மகன் ஹஸ்மிக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வலீமா விருந்து.

"எல்லாரும் புருஷனோட வருவாங்க," என்றாள் என் மனைவி சுல்பா. "எட்டாவது முறையும் நான் தனியப் போய் நிக்கவா? என்னத்தச் சொல்ல?"

"டியூட்டி எண்டு சொல்லு."

"ராவுலதானே டியூட்டி?"

"ஞாயித்துக்கிழம பகல்லயும் போட்டிருக்காங்க."

"பகல்ல உப்புக் களவு போகுதா?"

"ஓம்."

என்னை ஒரு தடவை பார்த்தாள். "சரி," என்றாள். சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பயப்படவில்லை. எனக்கு வேறு திட்டம் இருந்தது. காவல் கொட்டிலில் பழைய பத்திரிகை வாசித்தே படித்தவன் நான். யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடத் தொடங்கியபின், பத்திரிகைகளில் பயணப் பக்கமும் வர ஆரம்பித்தது. ஒன்றில், உண்மையான உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதியிருந்தார்கள். மூன்று இடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். பெயர்ப்பலகை இருக்காது. உள்ளூர்ச் சனம் நிறைந்திருக்கும். என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள், இருப்பதைத் தருவார்கள்.

பிறந்து நாற்பத்தெட்டு வருடமாகிறது. நானாக ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை. ஒரு கடையாவது கண்டுபிடித்துவிட்டுச் சாகலாம் என்று ஆசை. பக்கத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு நூஹு வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்பான்.

"நானா, எத்தாளையில ஒரு கடை இரிக்கி. போர்ட் கூட இல்ல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "சனம்?"

"இருக்க இடமில்ல. சஹன்லதான் சோறு. ஆறு பேருக்கு ஒரு தட்டு. என்ன வேணும் எண்டு கேக்கவே மாட்டாங்க."

மூன்று கோடும் சரி.

"ஒண்டு மட்டும் நானா. உள்ளுக்குப் போனா விலை கிலை கேக்காதீங்க. சலாம் சொல்லிட்டு இருங்க. கேள்வி கேட்டா டூரிஸ்ட் எண்டு நினைச்சிருவாங்க."

ஞாயிறு காலை சுல்பா பட்டுச் சேலையில் பஸ் ஏறினாள். பின்னால் நான் பழைய டீஷேர்ட்டில் நூஹுவின் ஆட்டோவில் ஏறினேன்.

எத்தாளையில் ஒரு தென்னந்தோட்டம். வெயில் படாமல் பந்தல் போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் மேல் என்ன அக்கறை! வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் கட்டித் தழுவினார். இன்னொருவர் பன்னீர் தெளித்தார். இருபது வருடம் வேலை செய்த இடத்தில் எனக்கு ஒருவரும் தண்ணீர்கூடத் தெளித்ததில்லை.

பாயில் ஐந்து பேர் ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். சஹன் வந்தது. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, அச்சாறு.

"எங்க இருந்து வாறீங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"உச்சமுனை. வள்ளத்தில வந்தோம்."

சோற்றுக்காகக் கடலில் வருகிறார்கள்!

தின்றேன். நான்கு வருடத்துப் பாணும் தொண்டைக்குள் இருந்து இறங்கிப்போனது. கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வந்தபோது அழுகையே வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எங்கட வூட்டில இப்பிடி ஒரு நாள் ஆக்கினா, நான் வேலைக்கே போகமாட்டன்!" என்றேன், சத்தமாக.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. எனக்கு அந்த இருமல் தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும்.

நிமிர்ந்தேன். அடுத்த சஹனில் நூஹு. என் முகத்தைப் பாராமல் வட்டிலப்பத்தை வழித்துக்கொண்டிருந்தான். கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு என் முன்னால் குனிந்தவர் மச்சான் அத்தாஉல்லா. அவர் எத்தாளையில் தோட்டம் வாங்கி இரண்டு வருடமாம். சபதம் எடுத்தவனுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

"டியூட்டிய விட்டுப்போட்டு, உடுப்பும் மாத்தாம ஓடி வந்தீங்களாமே மச்சான்," என்றார். "சுல்பா சொன்னா. நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

என் கையில் அவரே தண்ணீர் ஊற்றினார். இல்லை, நான் கடை என்று நினைத்து வந்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வாயில் இன்னும் அவருடைய வட்டிலப்பம் இருந்தது. விழுங்கினேன்.

"கடை நல்லமா?"

திரையை விலக்கிக்கொண்டு சுல்பா நின்றாள். கையில் ஒரு பார்சல்.

"போட்டோவுக்கு நிக்கோணும். அந்த டீஷேர்ட்டக் கழட்டிட்டு இத உடுத்துங்க."

வாங்கிப் பிரித்தேன். உள்ளே என் வெள்ளைச் சட்டை, ஸ்திரி போட்டு மடித்தபடி. சுற்றியிருந்த பத்திரிகைப் பக்கத்தில் என் சிவப்புக் கோடுகள் மூன்று இருந்தன.