மீசை வைத்த புட்டம்மா

அன்புள்ள சித்தராஜு மாமாவுக்கு, மைசூரிலிருந்து ஹேமலதா வணங்கி எழுதுவது. கைபேசி இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அதில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது. எருமை கன்று போட்டதாக அம்மா சொன்னாள், சந்தோஷம்.

வரும் வெள்ளிக்கிழமை நான் செய்த திருத்தம் ஒன்றை மேலதிகாரிகள் முன்னால் விளக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது எங்கள் கருவியில் சேரும். அந்தத் திருத்தமே உங்களால் வந்ததுதான். என் வேலை டீபக்கர் என்ற கருவியில். ஓடுகிற நிரலை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே என்ன மதிப்பு இருக்கிறது என்று அது காட்டும். குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டியின் நிரலில் சூடு முப்பத்தாறரை இருக்க, எங்கள் கருவி நூற்றுப்பத்துக் கோடி என்று காட்டியது. பெட்டி சரியாகத்தான் இருந்தது, எங்கள் பார்வைதான் கோளாறு. அந்த மதிப்பின் வகைக்கு 'உடல்சூடு' என்று பெயர். அது 'சூடு' என்பதன் மறுபெயர். 'சூடு' தசம எண்ணின் மறுபெயர். எங்கே தடுக்குகிறது என்று புரியாமல் நான் அழாத குறையாக இருந்தபோதுதான், போன மாதம், பலாப்பழத்தோடு நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் வாசல் காவலாளியோடு நீங்கள் பேசியதெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"புட்டம்மாவைப் பாக்கணும்யா."

"அப்படி யாரும் இங்க இல்ல, கௌட்ரே."

"அவதான்யா, கெம்பி."

காவலாளி அதற்குமேல் கேட்கவில்லை. கெம்பி என்றால் கணக்குப் பிரிவு கெம்பண்ணாதான் என்று அவரை வரவழைத்துவிட்டார். "என்ன புட்டம்மா, மீசை எப்ப வச்சே?" என்று நீங்கள் கேட்டதைக் கெம்பண்ணா இன்னும் மறக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பழத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் நகரவில்லை.

"கெம்பின்னா ஸ்கூல்ல ஹேமலதா. அதுக்கு மேல அவளுக்குப் பேரு கிடையாது."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வாயில வரணுமே. பொறந்ததுலேர்ந்து ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

மாமா, எங்கள் கருவியும் அந்தக் காவலாளிதான். ஒரு மறுபெயரை விலக்கிப் பார்த்து, அங்கே இன்னொன்று நிற்கவும், முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்து படித்துவிட்டது. உங்களைப் போல, இனி வேறு பெயர் இல்லை என்னும்வரை போகும்படி எழுதினேன். முப்பத்தாறரை வந்தது. ஆனால் திரையில் 'உடல்சூடு' என்ற பெயரையும் சேர்த்து அழித்துவிட்டேன். குழுத் தலைவி ஷராவதி மேடம் சிரித்தார்.

"படிக்கத்தான் உள்ள போறோம்மா. ஆசையா வச்ச பேரை ஏன் அழிக்கிற? உங்க மாமா அழிச்சாரா?"

அதையும் திருத்திவிட்டேன். நீங்கள் நாற்று நடும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். செய்தி சொல்லத்தான் எழுதினேன். அத்தைக்கு என் வணக்கம், கன்றுக்குட்டிக்கு ஒரு தடவல்.

உங்கள்,
ஹேமலதா

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன், தாள் அசிங்கமாகும். வாருங்கள் மாமா. நீங்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் உள்ளே விடும்படி காவலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்காருங்கள். மேடையில் ஹேமலதா என்று அழைத்ததும் எனக்குக் குரல் வராது. அப்போது நீங்கள் ஒரே ஒருமுறை புட்டம்மா என்று கூப்பிட வேண்டும்.